குத்தகைக்கு வந்த கீர்த்தி

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நமது செஞ்சிக் கோட்டைக்கு உலக மரியாதை ஒன்று கிட்டியது. மராட்டியர் காலத்து இராணுவக் கேந்திரங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. கோன்மாரும் நாயக்கமாரும் வளர்த்த கோட்டை மராட்டியர் வரிசையில் ஏறுவதா என்று குறைப்படுவோர் இருக்கலாம். நமக்கு அந்தக் குறை இல்லை. 1677-இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றிப் பலப்படுத்தியதும், அவருடைய குமாரர் ராஜாராம் இதற்குள்ளிருந்து மொகலாயர் படையை எதிர்த்து நின்றதும் சரித்திரம். மேலைக் கரையில் பிறந்த ஒரு சுதந்திர வேட்கை கீழைக் கரைக்கு வந்து நமது மலையில் அடைக்கலம் புகுந்தது என்பதில் நமக்குப் பெருமையே அன்றி வருத்தம் கிடையாது.

ஆனால், அந்தச் செய்தியைக் கொண்டாடியபோது தமிழ் நாட்டுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் இடையே நடந்த மற்றொரு கொடுக்கல் வாங்கல் நமது நினைவுக்கு வந்தது. சென்னையில் 1997 முதல் 2017 வரை 21 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்துவந்த சர்வதேச டென்னிஸ் பந்தயம் 2018-இல் புணே நகருக்குக் குடிபெயர்ந்தது. சகோதர மாகாணத்துக்குத்தானே போகிறது என்று நம்மில் பலர் ஆறுதல் கொண்டோம். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. புணேயில் ஐந்து முறை நடந்த பின், 2023-ஆம் ஆண்டோடு அங்கும் பந்தயம் முடிவுற்றது. 2024 ஜனவரியில் அதன் இடத்தை ஹாங்காங் பெற்றுக்கொண்டது. ஆடவர் டென்னிஸ் உலகின் பிரதான சுற்றில் நமது தேசத்துக்கு இருந்த ஒரே இடம் இவ்வாறு தேசத்தை விட்டே போயிற்று. இது எப்படி நேர்ந்தது, இதில் நமது பங்கு என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையூரில் இருந்துகொண்டு கடற்கரைப் பட்டினத்துக் கனவான்களின் பந்தாட்டத்தைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு என்று நமது அன்பர்கள் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். செஞ்சி தாலுகாவில் வேர்க்கடலைக்கு விலை இல்லை, ஏரிகள் தூர்ந்து கிடக்கின்றன, படித்த பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு மட்டையையும் பந்தையும் பற்றிப் பேசுவதா? நமது பதில் இது. அந்தப் பந்தயம் நடந்த நுங்கம்பாக்கம் மைதானம் எந்தக் கனவானுடைய தோட்டமும் அல்ல. 1995-ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டு விழாவையொட்டிப் பொதுப் பணத்தில் கட்டப்பட்டது. சுமார் 6,000 பேர் அமரக் கூடிய அந்த அரங்கு சர்க்காரின் விளையாட்டு ஆணையத்துக்குச் சொந்தம். பந்தயத்துக்குச் சர்க்காரின் நிதியுதவியும் கிடைத்ததுண்டு. செஞ்சியில் கடலை விற்றவன் செலுத்திய வரியும் அதில் அடக்கம். பொதுச் சொத்து எவ்வாறு பயன்பட்டது என்று கேட்கும் பாத்தியதை பட்டினத்தாருக்கு உள்ள அளவு நமக்கும் உண்டு.

டென்னிஸ் அந்நியர் கொண்டுவந்த ஆட்டம் என்று ஒதுக்குவோரும் உளர். வெள்ளையர்கள் தங்கள் கிளப்புகளில் ஆடியது வாஸ்தவமே. எனினும், அந்த ஆட்டத்தை நமதாக்கிக்கொண்டவர்களில் முன்னணியில் நின்றவர்கள் தமிழ் நாட்டார். நாகர்கோவிலில் 1937-இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டனில் அரையிறுதி வரை சென்றார். 1966-இல் பாரத தேசம் முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியை எட்டியது அவருடைய ஆட்டத்தால். 1974-இல் சென்னைச் சகோதரர்களான விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இடம்பெற்ற அணி மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே நின்றது நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. நமது தேசம் ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. கைக்கெட்டிய கோப்பையைக் கொள்கைக்காகத் துறந்த தேசம் என்ற பெயர் நமக்கு வந்தது இந்த ஆட்டத்தின் வழியாகத்தான். இதை அந்நியரின் பொழுதுபோக்கு என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

இனிப் பந்தயத்தின் சரித்திரத்துக்கு வருவோம். அது பிறந்த இடம் சென்னை அல்ல. 1996-இல் முதன்முறையாகப் புது டில்லியில் நடந்தது. ஸ்வீடன் தேசத்து தாமஸ் என்க்விஸ்ட் வென்றார். மறு ஆண்டே சென்னைக்கு வந்தது. மதராஸ் என்ற பெயர் நீங்கிச் சென்னை என்ற பெயர் அதிகார பூர்வமானது 1996-இல். ஆகவே, அந்தப் பெயரை உலகத்துப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களுக்குக் கொண்டு சென்ற முதல் காரியங்களில் இப்பந்தயமும் ஒன்று. ஆரம்பத்தில் ஏப்ரல் வெயிலில் நடந்தது. பிற்பாடு ஜனவரி முதல் வாரத்துக்கு மாறியது. ஆஸ்திரேலியாவின் பெரும் பந்தயத்துக்குப் போகும் வழியில் வீரர்கள் கீழைக் கடற்கரையில் இறங்கி, உடலைப் பதப்படுத்திக்கொண்டு போவார்கள். மார்கழிப் பனியும் கடற்காற்றும் கலந்த மாலை வேளைகளில், கச்சேரிக்குப் போவதா பந்தயத்துக்குப் போவதா என்று பட்டினத்தார் தடுமாறுவது ஆண்டுதோறும் வழக்கமாயிற்று.

வந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். 1998-இல் வென்ற ஆஸ்திரேலியரான பாட்ரிக் ராஃப்டர் அப்போது அமெரிக்கப் பந்தயத்தின் சாம்பியன். 2003-இல் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசபன் வென்றபோது ஆசியாக் கண்டத்துக்கே பெருமை உண்டாயிற்று. 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஸ்பெயின் தேசத்து கார்லோஸ் மோயா வென்றார். இவற்றுள் 2005-ஆம் ஆண்டுப் பந்தயத்தைத் தமிழ் நாட்டார் மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை நமது கடற்கரையைச் சூறையாடிற்று. நாகையிலும் கடலூரிலும் இறந்தோரை அடக்கம் செய்து முடிவதற்குள் பந்தயத்தின் நாள் வந்துவிட்டது. கோப்பையை வென்ற மோயா தமது பரிசுப் பணத்தைப் பேரலையால் பாதிக்கப்பட்டோருக்கு அளித்தார். கடல் கடந்து வந்த ஓர் ஆட்டக்காரர் கடலால் அழிந்தவர்களின் துயரில் பங்கு கொண்ட அந்தச் செயல், அப்பந்தயம் நமது மண்ணோடு உறவு கொண்ட தருணங்களில் தலையாயது.

2008-இல் ரஃபேல் நடாலும் அதே மோயாவும் அரையிறுதியில் மோதினார்கள். ஒரே தேசத்தார், நெருங்கிய நண்பர்கள். மூன்று செட்டுகளும் சமநிலைக்கு வந்து டைபிரேக்கில் முடிந்தன. ஆட்டம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடித்தது. வென்ற நடால் மறுநாள் இறுதிப் போட்டியில் களைத்துப்போய், ரஷ்யரான மிகைல் யூஷ்னியிடம் ஒரே ஒரு கேம் மட்டும் எடுத்துத் தோற்றார். ஸ்விட்ஜர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என நான்கு முறை வென்றார். 2014-இல் சென்னையில் வென்ற கையோடு ஆஸ்திரேலியா சென்று அங்கும் வாகை சூடினார். 2017-இல் கடைசிப் பந்தயத்தின் இறுதியில் ராபர்டோ பவுட்டிஸ்டா அகுட்டிடம் தோற்ற இளைஞர் டேனியல் மெத்வதேவ், பின்னர் உலகின் முதல் இடத்துக்கே உயர்ந்தார். உலகம் அறியப்போகிறவர்களை உலகம் அறியுமுன் நமது மேடையில் கண்டோம் என்பது சிறு பெருமையன்று.

நம்மவர்களுக்கு அப்பந்தயம் அளித்தது இவற்றையெல்லாம்விடப் பெரிது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இரட்டையராகத் தங்கள் முதல் சர்வதேசப் பட்டத்தை வென்றது 1997-இல் சென்னையில்தான். அதன் பின் 1998, 1999, 2002, 2011 ஆகிய ஆண்டுகளிலும் அங்கே வென்றார்கள். 2017-இல், பந்தயத்தின் கடைசி ஆண்டில், இரட்டையர் இறுதிப் போட்டியில் வலையின் இரு புறமும் இந்தியர்களே நின்றனர். ரோகன் போபண்ணாவோடு சேர்ந்து வென்றவர் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன். விதை நட்டவர்கள் 20 ஆண்டுக்குப் பின் நிழலில் உட்காரும் வேளையில் மரம் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக 2009-ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். சென்னையில் ஆட்டம் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மனுக்குத் தரவரிசைப்படி அப்பந்தயத்தில் நேரடியாக ஆட யோக்கியதை இல்லை. உள்ளூர்ப் பிள்ளை என்பதற்காக நிர்வாகிகள் விசேஷ அனுமதி அளித்தார்கள். வைல்டு கார்டு என்று அதைச் சொல்வார்கள். அந்த ஒரு வாசல் திறந்ததும் அவர் மோயாவைத் தோற்கடித்தார். நெடிதுயர்ந்த குரோஷியரான இவோ கார்லோவிச்சைத் தோற்கடித்தார். இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டார். இறுதியில் மாரின் சிலிச்சிடம் தோற்றார். ஆனால், அந்த ஆண்டு யார் வென்றார் என்று இன்று சென்னைவாசியைக் கேட்டால் சிறிது யோசிப்பார். யார் தோற்றார் என்று கேட்டால் உடனே சொல்வார். செஞ்சிக்காரர்களாகிய நமக்கு இதில் வியப்பில்லை. 1714-இல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டான். வென்ற நவாபைப் பற்றிப் பாடுவாரில்லை; தோற்ற தேசிங்கின் கதையைத் தெருக்கூத்தும் நாட்டுப் பாடலும் இன்றளவும் சொல்லுகின்றன. சொந்த மண்ணில் நின்று போராடியவனை ஜனங்கள் மறப்பதில்லை.

ஆகவே, பந்தயம் போனதால் போனது ஒரு வார வேடிக்கை மட்டும் அன்று. போனது அந்த வாசல். அயல் தேசத்தில் ஆடப்போகும் இளைஞன் விமானச் செலவு, தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். அங்கே அவனுக்கு விசேஷ அனுமதி கொடுப்பார் இல்லை; அதை அந்த ஊரார் தங்கள் பிள்ளைக்கே கொடுப்பார்கள். அது இயற்கை. அந்த இயற்கையான பட்சபாதத்தை நமது பிள்ளைகளுக்குக் காட்டும் வசதி நம்மிடம் 21 ஆண்டுகள் இருந்தது. அதை இழந்தோம்.

ஏன் இழந்தோம்? இங்கேதான் ஜனங்கள் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. சென்னைப் பந்தயம் சென்னையின் சொத்தாக ஒருநாளும் இருந்ததில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களின் உலகச் சுற்றில் ஒரு வாரத்துக்குப் பந்தயம் நடத்தும் உரிமை, பஸ் முதலாளியிடம் இருக்கும் பர்மிட்டைப் போன்றது. இங்கே அந்த உரிமையை வைத்திருந்தது விளையாட்டு வியாபாரம் செய்யும் ஓர் அந்நியக் கம்பெனி. பிற்காலத்தில் அது நமது நாட்டுப் பெரும் முதலாளி ஒருவரோடு கூட்டுச் சேர்ந்தது. மைதானம் நம்முடையது, ஜனக்கூட்டம் நம்முடையது, பந்து பொறுக்கிக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகள் நம்முடையவர்கள். பர்மிட் அவர்களுடையது. ஒரு தடத்தில் 21 ஆண்டுகள் பஸ் ஓடியது; ஊரார் தினமும் அதை நிறைத்து அனுப்பினார்கள் என்பதற்காக அந்த பஸ்ஸில் ஊராருக்குப் பாத்தியதை உண்டாகுமா? கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள்கூட அந்த வழக்கு நிற்காது. பிறன் நிலத்தை நீண்ட காலம் தன்னதாக அனுபவித்தவனுக்குச் சட்டம் சில சமயம் அனுபவ பாத்தியதை தரும். பிறன் விருந்தை நீண்ட காலம் ரஸித்தவனுக்குத் தராது.

பந்தயத்தின் பெயர்களே இதற்குச் சாட்சி. ஆரம்பத்தில் அது ஒரு சிகரெட்டின் பெயரைச் சுமந்தது. மூச்சடக்கி ஓடும் ஆட்டத்துக்கும் மூச்சைக் கெடுக்கும் புகைக்கும் என்ன உறவு என்று கேட்பாரில்லை. 2003-இல் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 2002-இல், டாடா நிறுவனத்தின் பெயர் அந்த இடத்துக்கு வந்திருந்தது. 2005 முதல் சென்னையின் பெயர் முன்னுக்கு வந்தது. பின்னர் ஒரு செல்பேசிக் கம்பெனியின் பெயர் அதன் முன்னே ஒட்டிக்கொண்டது. அந்தக் கம்பெனியும் 2018-இல் கடன் சுமை தாளாமல் திவால் மனு கொடுத்தது. பெயருக்குப் பணம் கொடுப்பவர் மாறுவதும் மறைவதும் வியாபாரத்தின் இயல்பு. அவர்கள் மறையும்போது தாங்கி நிறுத்த உள்ளூரில் ஒரு தூண் இருந்திருக்க வேண்டும். அது இல்லை. ஆகவே, 2017-ஆம் ஆண்டின் நடுவில் பந்தயம் புணேக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, சென்னையால் வருத்தம் தெரிவிக்க முடிந்ததே தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

கம்பெனியின் மீது பழி போடுவது சுலபம். அதை நாம் செய்யப்போவதில்லை. லாபம் வரும் இடத்துக்கு வியாபாரி போவான்; அது அவன் தர்மம். கேட்க வேண்டிய கேள்வி நம்மை நோக்கியது. 21 ஆண்டுகள் உலகமே நமது முற்றத்துக்கு வந்து போயிற்றே, அந்தக் காலத்தில் நாம் என்ன சேர்த்து வைத்தோம்? ஜில்லாத் தலைநகரங்களில் எத்தனை பொது டென்னிஸ் களங்கள் எழுந்தன? ஆண்டுதோறும் பந்தயம் முடிந்ததும் விளக்குகள் அணைந்தன. மறு ஜனவரி வரை அதைப் பற்றிய பேச்சு அடங்கியது. ஒரு வாரத் திருவிழாவுக்கு ஊர் கூடிற்று. மற்ற 51 வாரங்களில் தேர் நிலையிலேயே நின்றது.

இதே நகரத்தில் சதுரங்கம் எப்படி வளர்ந்தது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1961-இல் தேசத்தின் முதல் சர்வதேச மாஸ்டரானவர் சென்னையின் மானுவல் ஆரோன். 1970-களில் சென்னையிலிருந்த சோவியத் கலாசார நிலையத்தில் மிகைல் தால் பெயரால் ஒரு சதுரங்க சங்கம் ஏற்பட்டது. ஆடம்பரம் இல்லை, விளம்பரம் இல்லை. மேஜையும் காய்களும் இருந்தன; கற்றுத்தர ஆள் இருந்தார்கள்; பிள்ளைகள் வந்தார்கள். அங்கே வந்த பிள்ளைகளில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1988-இல் அவர் தேசத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சென்னையின் 18 வயது குகேஷ் உலக சாம்பியனான வரைக்கும் அந்தச் சங்கிலி அறவில்லை. 2022-இல் ரஷ்யாவில் நடக்க வேண்டியிருந்த சதுரங்க ஒலிம்பியாட் இடம் தேடி நின்றபோது, நமது சர்க்கார் விரைந்து முன்வந்து மாமல்லபுரம் கடற்கரையில் நடத்திக் காட்டியது. பயிர் முதலில் வந்தது. திருவிழா பிறகு வந்தது. டென்னிஸில் நாம் திருவிழாவை முதலில் வரவழைத்தோம், பயிரிட மறந்தோம்.

நமது கோட்டையே இந்தப் பாடத்தைச் சொல்லும். மொகலாயப் பெரும்படை 1690 முதல் 1698 வரை செஞ்சியை முற்றுகையிட்டுத் தவித்தது. மதில் பெரிதாக இருந்ததால் மட்டும் கோட்டை அத்தனை காலம் தாங்கவில்லை. உள்ளே களஞ்சியம் இருந்தது, குளங்கள் இருந்தன, மலை உச்சியிலும் தண்ணீர் இருந்தது. வெளியிலிருந்து வரும் வண்டியை நம்பியிருந்த கோட்டையாக இருந்தால் ஒரு கோடைக்குள் கதவைத் திறந்திருக்கும். சென்னைப் பந்தயத்துக்கு மதில் இருந்தது, களஞ்சியம் இல்லை. அதுவே அதன் வீழ்ச்சிக்கு மூல காரணம் என்பது நமது திடமான அபிப்பிராயம்.

முற்றும் இருட்டிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய பந்தயம் போன பின்பும், அதற்கு அடுத்த படியான சாலஞ்சர் பந்தயங்கள் அதே நுங்கம்பாக்கத்தில் நடந்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் அங்கே வென்ற சுமித் நாகல், அந்த வெற்றியினால் உலக வரிசையில் முதல் நூற்றுவருள் நுழைந்தார். சொந்த நாட்டில் ஒரு சிறு பந்தயம் இருந்தாலும் அதன் பயன் எவ்வளவு என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம். 2022 செப்டம்பரில் பெண்களுக்கான சர்வதேசப் பந்தயம் முதன்முறையாகச் சென்னைக்கு வந்தது. விஜய் அமிர்தராஜ் மாகாண டென்னிஸ் சங்கத்தின் தலைமையை ஏற்ற ஆண்டு அது. செக் தேசத்து 17 வயதுப் பெண் லிண்டா ஃப்ரூவிர்டோவா வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தப் பந்தயமும் நடக்கவில்லை. 2025 அக்டோபர் இறுதியில் மறுபடி நடந்தது. இந்த இடைவெளிதான் நமக்கு அச்சம் தருகிறது. ஒரு ஆண்டு வந்து, இரண்டு ஆண்டு மறைந்து, மறுபடி வருவது விருந்தாளியின் லட்சணம்; வீட்டுப் பிள்ளையின் லட்சணம் அன்று.

இன்னொரு செய்தியும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 2025 பிப்ரவரியில் பம்பாய் நகரில் நடந்த பெண்கள் பந்தயத்தில், கோயம்புத்தூரைச் சேர்ந்த 15 வயதுப் பெண் மாயா ராஜேஸ்வரன் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை முன்னேறினார். மேல் பயிற்சிக்கு அவருக்கு இடம் கிடைத்தது ஸ்பெயினில் நடால் நிறுவியிருக்கும் பயிற்சிக் கூடத்தில். நடால் நம்மிடம் வந்து ஆடிப் பரிசு பெற்றுப் போனார். ஊர் திரும்பிப் பயிற்சிக் கூடம் கட்டினார். நாம் கைதட்டி வீடு திரும்பினோம். இப்போது நமது குழந்தையைக் கடல் கடந்து அங்கே அனுப்புகிறோம். இந்த ஒரு கணக்கில் நமது 21 ஆண்டு வரவும் செலவும் அடங்கிவிடுகின்றன. முன்னொரு காலத்தில் இதே சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தார் 1980-களில் தொடங்கிய பயிற்சிக் கூடத்தில்தான் லியாண்டர் பயஸ் பயின்றார் என்பதை நினைக்கும்போது வருத்தம் இரட்டிக்கிறது. நம்மால் முடியாத காரியம் அன்று. ஒரு முறை செய்து காட்டிய காரியமே.

ஆகவே, சர்க்காருக்கும் மாகாண டென்னிஸ் சங்கத்துக்கும் நாம் சொல்லும் யோசனைகள் இவை. முதலாவது, இனிச் சென்னையில் நடக்கும் எந்தப் பந்தயமானாலும், அதை நடத்தும் உரிமையில் சங்கத்துக்கோ சர்க்காருக்கோ நிலையான பங்கு இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதும்போதே அது எழுதப்பட வேண்டும். பெரிய பந்தயம் ஒன்றைக் குத்தகைக்கு எடுப்பதைவிடச் சிறிய பந்தயம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பது மேல். இரண்டாவது, பொதுப் பணம் பெறும் பந்தயம் தன் வரும்படியில் ஒரு பகுதியை ஜில்லாக்களில் பொதுக் களங்கள் அமைக்கக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்க வேண்டும். மூன்றாவது, ஜில்லாப் போட்டிகளில் வென்று வரும் பிள்ளைகளுக்குச் சென்னைப் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஓர் இடமாவது ஒதுக்கப்பட வேண்டும். நான்காவது, பந்தய நாட்களில் வெளியூர்ச் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று இலவசமாகக் காட்ட வேண்டும். காலி நாற்காலிகளுக்கு எதிரே ஆடுவதைவிட ஆட்டக்காரர்களுக்கும் அது உற்சாகம்.

முதலில் களங்களைக் கட்டுங்கள், பந்தயம் பிறகு வரட்டும் என்று வாதிப்போர் உண்டு. அவர்களோடு நமக்குப் பெரிய வேற்றுமை இல்லை. ஆனால், பரீட்சையே இல்லாத பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நெடுநாள் படிக்க மாட்டார்கள். பள்ளிக்கூடமே இல்லாத பரீட்சையில் அயலூர்ப் பிள்ளைகள்தாம் தேறுவார்கள். சென்னையில் நாம் நடத்தியது இரண்டாவது வகை. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

ஏழைத் தேசத்தில் விளையாட்டுக்கு இவ்வளவு வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். செஞ்சிப் பேட்டையில் மாலை வேளையில் ஒரு கட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு தெருவில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஒரு களம் போடுவதற்கு ஆறு சென்ட் நிலத்துக்குச் சிறிது கூடுதலாக இருந்தால் போதும். சுற்றிலும் ஓடித் திரும்ப இடம் விட்டால் 15 சென்ட். தாலுகாவுக்கு ஒன்று என்று வைத்தாலும் சர்க்கார் கஜானா காலியாகிவிடாது. அப்படி ஒரு களத்தில் ஆடத் தொடங்கும் நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொன்பது பேர் சாம்பியன் ஆக மாட்டார்கள். அவர்கள் நிமிர்ந்த உடம்பும், தோற்றாலும் எதிரியின் கையைக் குலுக்கும் பண்பும் பெறுவார்கள். பிரஜைகளுக்கு அவை வேண்டாத சம்பத்து அல்ல.

ராஜகிரியின் மேல் ஏறி நின்று பார்க்கும் யாத்திரிகர்களுக்கு இப்போது யுனெஸ்கோவின் பெயரும் சொல்லப்படுகிறது. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராட்டியர், மொகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனையோ பேர் இக்கோட்டைக்கு எஜமானர்களாக இருந்து போனார்கள். ஒருவராலும் இதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியவில்லை. காரணம், இது நமது மலையிலேயே வெட்டி எடுத்த கல்லால் நமது மலைமேல் கட்டப்பட்டது. சென்னைப் பந்தயம் ஒரு காகிதத்தின் மேல் நின்றது. காகிதத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இனி நாம் எதைக் கட்டினாலும் நமது கல்லால் கட்டுவோம். நமது நேயர்கள் அடுத்த கிராம சபையிலோ பேரூராட்சிக் கூட்டத்திலோ தங்கள் ஊருக்கு ஒரு பொது விளையாட்டுக் களம் வேண்டுமென்று எழுந்து கேட்கட்டும். கேட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, கிடைக்கும் வரையில் விடாமல் கேட்கட்டும். களஞ்சியம் நிரம்பத் தொடங்குவது அங்கேதான்.